முதல் உலகச் சுற்றுப்பயணம்: சில நகரங்கள் ஏன் விடுபடுகின்றன, டிக்கெட் ஏன் இந்த விலை?

ஒரு பாப் பாடகி தன் முதல் உலகச் சுற்றுப்பயணத்தை அறிவித்ததுமே இரண்டு விதமான கோபம் கிளம்பும். எங்கள் நகரத்துக்கு ஏன் வரவில்லை என்பது ஒன்று. வருகிற நகரங்களில் டிக்கெட் விலையைப் பார்த்து வரும் கோபம் இன்னொன்று. இரண்டும் நேராகப் பாடகியின் தலையில்தான் விழும். பணத்தாசை பிடித்துவிட்டது, ரசிகர்களை மறந்துவிட்டார், இப்படி. கோபப்படுவதற்குக் காரணங்கள் இருக்கின்றன, ஆனால் அந்தக் காரணங்கள் வேறு இடத்தில் இருக்கின்றன.

ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் முக்கால்வாசி விளங்கிவிடும். சுற்றுப்பயணம் கிளம்பிய பிறகு, பாடகி மேடை ஏறினாலும் ஏறாவிட்டாலும் தினமும் ஏறக்குறைய ஒரே செலவு ஆகிறது. வருமானம் மட்டும் மேடை ஏறும் நாளில்தான் வரும். நகரப் பட்டியல், விலை, தேதிகளின் இடைவெளி, கடைசி நேர ரத்து எல்லாமே இதிலிருந்து கிளைப்பவை.

## யார் யார் இதில் இருக்கிறார்கள்

1. மேனேஜர். பாடகியின் மொத்தத் தொழிலையும் பார்த்துக்கொள்பவர். வழக்கமாக 15 முதல் 20 சதவீதம் கமிஷன்.
2. ஏஜென்ட். கச்சேரிகளை விற்பவர். எந்த நாட்டில் எந்த புரமோட்டருக்கு என்ன தொகைக்கு என்பதைப் பேசி முடிப்பது இவர் வேலை. சுமார் 10 சதவீதம்.
3. புரமோட்டர். பணம் போடுபவர். அரங்க வாடகை, விளம்பரம், உள்ளூர் ஆட்கள் எல்லாம் இவர் செலவு. கூட்டம் வராவிட்டால் முதல் அடி இவருக்குத்தான்.
4. அரங்கமும் டிக்கெட் விற்கும் நிறுவனமும். டிக்கெட்டின் மேல் சேரும் சேவைக் கட்டணத்தில் அரங்கத்துக்கும் பங்கு உண்டு. புரமோட்டருக்குப் பங்கு போவதும் உண்டு.
5. டூர் மேனேஜர், புரொடக்‌ஷன் மேனேஜர். முதலாமவர் ஆட்களை நகர்த்துகிறார், இரண்டாமவர் பொருள்களை நகர்த்துகிறார்.

மூன்றும் நான்கும் ஒரே நிறுவனமாக இருக்கலாம் என்பதுதான் பல வருடங்களாக ஓடும் சண்டை. பெரிய புரமோட்டரான லைவ் நேஷனும் டிக்கெட் விற்கும் டிக்கெட்மாஸ்டரும் 2010இல் இணைந்தன. போட்டியை நசுக்குகிறது என்று சொல்லி அமெரிக்க அரசின் நீதி அமைச்சகம் 2024 மே மாதம் அந்த நிறுவனத்தின் மேல் வழக்குத் தொடுத்தது.

## அரங்கத்தின் அளவு

முதல் சுற்றுப்பயணத்தில் எடுக்கும் மிகப் பெரிய முடிவு இதுதான். தியேட்டர் என்றால் சில ஆயிரம் பேர். அரீனா என்றால் 10,000 முதல் 20,000 பேர் வரை. ஸ்டேடியம் என்றால் 40,000க்கு மேல். இந்த மூன்றுக்கும் இடையே வித்தியாசம் இருக்கைகளில் மட்டும் இல்லை. தியேட்டரில் பாடத் தேவையான சாமான்கள் ஒன்றிரண்டு லாரிகளில் அடங்கிவிடும். அரீனாவுக்குப் பத்து, பதினைந்து லாரி வேண்டும். ஸ்டேடியத்துக்கு மேடையையே இரும்பில் கட்டி எழுப்ப வேண்டும், அதற்குச் சில நாள்கள் பிடிக்கும்.

இணையத்தில் ஒரு பாட்டு கோடிக்கணக்கான முறை கேட்கப்பட்டிருப்பதை வைத்து அரங்கத்தை முடிவுசெய்தால் மாட்டிக்கொள்ள நேரிடும். ஒரு பாட்டைத் தெரிந்து வைத்திருப்பவர் வேறு, ஒன்றரை மணி நேரம் கேட்பதற்காகக் காசு கொடுத்து வருபவர் வேறு. ஒலிவியா ரோட்ரிகோ 2022இல் தன் முதல் சுற்றுப்பயணத்தைப் பெரும்பாலும் தியேட்டர் அளவு அரங்கங்களிலேயே வைத்தார். அரீனாக்களை நிரப்பும் அளவுக்கு ஆதரவு இருந்தும், படிகளைத் தாண்டிக் குதிக்க வேண்டாம் என்பது அவர் முடிவு. டிக்கெட் கிடைக்காத ரசிகர்கள் அப்போது கொந்தளித்தார்கள். 2024இல் அடுத்த சுற்றுப்பயணத்துக்கு அரீனாக்களுக்குப் போனார். என் பார்வையில் முதல் முறை கிளம்பும் யாருக்கும் இதைவிட நல்ல முன்மாதிரி கிடையாது. பாதி காலியான பெரிய அரங்கத்தின் படம் வெளியே பரவினால் அடுத்த புரமோட்டர் தரும் தொகை உடனே குறையும்.

## ஒரு இரவில் வரும் பணம் எங்கே போகிறது

கணக்குப் போட வசதியான எண்களாக எடுத்துக்கொள்வோம். இது எந்தப் பாடகியின் உண்மைக் கணக்கும் இல்லை, ஆனால் பணம் ஓடும் வழி இப்படித்தான் இருக்கும்.

1. 10,000 இருக்கை, சராசரி டிக்கெட் 60 டாலர், அரங்கம் நிறைந்துவிட்டது. வசூல் 6 லட்சம் டாலர்.
2. வரியும் அரங்கப் பராமரிப்புக் கட்டணமும் சேர்த்து 10 சதவீதம் போனால் 5.4 லட்சம்.
3. வாடகை, பாதுகாப்பு, உள்ளூர் தொழிலாளர், விளம்பரம் எல்லாம் 2 லட்சம். மீதி 3.4 லட்சம்.
4. மீதியில் பாடகிக்கு 85 சதவீதம், புரமோட்டருக்கு 15 சதவீதம் என்பது பரவலான ஒப்பந்தம். பெரிய நட்சத்திரங்கள் 90 சதவீதம்கூட வாங்குவார்கள். பாடகியின் பங்கு 2.89 லட்சம்.
5. இதில் ஏஜென்ட்டுக்கும் மேனேஜருக்கும் சேர்த்து 25 சதவீதம். கையில் 2,16,750 டாலர்.

நான்காவது புள்ளியில் இன்னொரு விஷயம் இருக்கிறது. புரமோட்டர் ஒரு குறைந்தபட்சத் தொகைக்கு உத்தரவாதம் தந்திருப்பார். நம் கணக்கில் அது 2.5 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். உத்தரவாதம், சதவீதப் பங்கு, இரண்டில் எது அதிகமோ அதுதான் பாடகிக்கு. அரங்கம் பாதிதான் நிரம்பியது என்றால் வசூல் 3 லட்சம், வரி போக 2.7 லட்சம், செலவு போக வெறும் 70,000. ஆனாலும் உத்தரவாதத் தொகையைக் கொடுத்தே ஆக வேண்டும். புரமோட்டருக்கு அந்த ஒரு இரவில் 1.8 லட்சம் டாலர் நஷ்டம்.

இப்போது பயணச் செலவு. எழுபது பேர், பத்து லாரி, ஆறு படுக்கை பஸ், வாடகைக்கு எடுத்த ஒலி, ஒளிக் கருவிகள், எல்.இ.டி. திரைகள், சம்பளம், பேட்டா, ஹோட்டல். நாளுக்கு 55,000 டாலர் என்று வைத்தால் வாரத்துக்கு 3.85 லட்சம். வாரம் மூன்று கச்சேரி நடந்தால் 6.5 லட்சம் வந்து, செலவு போக 2.65 லட்சம் மிஞ்சும். இரண்டே கச்சேரி என்றால் மிஞ்சுவது 48,500. ஒரே ஒரு நாள் குறைந்ததற்கு இவ்வளவு வித்தியாசம்!

அது மட்டுமா? கிளம்புவதற்கு முன்பே மேடை வடிவமைப்பு, உடைகள், வீடியோக் காட்சிகள், வாரக்கணக்கில் ஒத்திகை என்று ஒரு பெரிய தொகை இறங்கியிருக்கும். அது 25 லட்சம் டாலர் என்றால், அரங்கம் நிறைந்து, வாரம் மூன்று என்று ஓடினாலும், போட்ட பணத்தை எடுக்கவே பத்து வாரத்துக்குப் பக்கம் ஆகிவிடும். முப்பது கச்சேரி கொண்ட ஒரு முதல் சுற்றுப்பயணத்தில் பாடகிக்கு மிஞ்சுவது ஏறக்குறைய ஒன்றும் இல்லை. டி-ஷர்ட், போஸ்டர் விற்பனைதான் பல பேரைத் தூக்கி நிறுத்துகிறது. அதிலும் அரங்கம் 20, 30 சதவீதம் கேட்கும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. ஐந்து பாட்டுகள் முதலிடம் பிடித்திருந்த நேரத்தில், மான்ஸ்டர் பால் சுற்றுப்பயணத்தை விரிவாக்கியதால் தனக்கு 30 லட்சம் டாலர் கடன் ஏறியிருந்தது, அது தனக்கே தெரியாமல் இருந்தது என்று லேடி காகா 2011இல் ஒரு பேட்டியில் சொன்னார். 2022இல் பிரிட்டனின் ராப் பாடகி லிட்டில் சிம்ஸ் தன் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தை ரத்து செய்தார். சொந்தக் காசைப் போட்டு ஒரு மாதம் பாடினால் பெரும் நஷ்டத்தில் போய் முடியும் என்று வெளிப்படையாகவே சொன்னார். அதே ஆண்டில் அமெரிக்கப் பாடகி சாண்டிகோல்டும் தன் சுற்றுப்பயணத்தைக் கைவிட்டார். பெட்ரோல், பஸ் வாடகை, ஹோட்டல் எல்லாம் ஏறிப்போன நேரம் அது.

## நகரங்கள் எப்படி விடுபடுகின்றன

சும்மா இருக்கும் நாள்தான் எதிரி என்று தெரிந்துவிட்டால் பாதை போடும் முறையும் புரியும். லாரி ஓர் இரவில் போய்ச் சேரக்கூடிய தூரத்தில் அடுத்த நகரம் இருக்க வேண்டும். அங்கே அந்தத் தேதியில் அரங்கம் காலியாக இருக்க வேண்டும். அரீனாக்களில் விளையாட்டுப் போட்டிகள் முன்கூட்டியே இடம் பிடித்துவிடும். ஏஜென்ட்டுகள் ஒரு தேதிக்கு ஹோல்டு, அதாவது தற்காலிக முன்பதிவு, போட்டு வைப்பார்கள், முதல் ஹோல்டு வைத்திருப்பவர் விட்டால்தான் இரண்டாமவருக்குக் கிடைக்கும். இந்த வரிசை நகர்வதற்காகக் காத்திருந்து காத்திருந்து சில நகரங்கள் கடைசி வரை பொருந்தாமலே போய்விடும்.

அப்புறம் தூர விலக்கு நிபந்தனை. இந்த நகரத்தில் பாடினால் இத்தனை கிலோமீட்டர் சுற்றளவில், இத்தனை வாரங்களுக்கு வேறெங்கும் பாடக் கூடாது என்று புரமோட்டர் எழுதி வாங்கிக்கொள்வார். பக்கத்து ஊருக்கு வருபவர் நம் ஊருக்கு வராததற்குப் பல சமயம் இதுவே காரணம்.

இதையே ஒரு நாட்டு அளவில் செய்தால் எப்படி இருக்கும் என்பது 2024 மார்ச்சில் தெரிந்தது. டெய்லர் ஸ்விஃப்ட் சிங்கப்பூரில் ஆறு இரவுகள் பாடினார், தென்கிழக்கு ஆசியாவில் வேறெங்கும் பாடவில்லை. அதற்காக மானியம் கொடுத்ததையும், வட்டாரத்தில் வேறு இடத்தில் பாடக் கூடாது என்ற ஏற்பாடு இருந்ததையும் அப்போதைய சிங்கப்பூர்ப் பிரதமர் லீ சியன் லூங் ஒப்புக்கொண்டார். தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் பக்கமிருந்து கடுமையான முணுமுணுப்பு எழுந்தது. ரசிகர்கள் விமானம் ஏறி வந்தால் ஹோட்டலும் கடைகளும் சம்பாதிக்கும், அரசு போட்ட காசு திரும்பிவிடும் என்பது கணக்கு.

## ஒரே நாளில் கட்டி, ஒரே நாளில் பிரித்து

காலை ஆறு, ஏழு மணிக்கு அரீனாவின் தரை வெறுமையாக இருக்கும். கருவிகளைக் கூரையில் தொங்கவிடும் வேலையைச் செய்யும் ரிக்கர்கள் முதலில் உள்ளே வந்து, தரையில் அளந்து சாக்பீஸால் குறி போடுவார்கள். ஒவ்வொரு குறிக்கும் நேர் மேலே கூரை உத்தரத்தில் ஒரு கம்பிக் கயிறு தொங்க வேண்டும், அதில் ஒரு மோட்டார், அந்த மோட்டார் எத்தனை எடை தாங்கும் என்ற எண். விளக்குச் சட்டங்களும் ஒலிபெருக்கிகளும் இந்த மோட்டார்களால் மேலே ஏறிய பிறகுதான் மேடையைத் தள்ளிக்கொண்டு வந்து அடியில் நிறுத்த முடியும். கூரை அந்த எடையைத் தாங்காது என்றால் திரையையோ விளக்கையோ அந்த ஊரில் குறைத்துவிடுவார்கள். வேறு ஊரில் பார்த்த காட்சி இங்கே இல்லையே என்று ரசிகர்கள் கேட்பதற்கு இதுதான் பதில்.

இரவு கடைசிப் பாட்டு முடிந்து விளக்கு எரிந்த நிமிடமே பிரிக்கத் தொடங்குவார்கள். நாளை முதலில் தேவைப்படும் பொருள் லாரியில் கடைசியாக ஏற வேண்டும். சில மணி நேரத்தில் லாரிகள் சாலையில் இருக்கும்.

கடல் தாண்டும்போது இது போதாது. கப்பலில் வாரக்கணக்கில் ஆகும், விமானச் சரக்கோ பல மடங்கு விலை. பெரிய சுற்றுப்பயணங்கள் ஒரே அமைப்பை இரண்டு, மூன்று பிரதிகளாகச் செய்து, ஒன்றை முன்னால் அனுப்பிவிடும். 2009 முதல் 2011 வரை 110 கச்சேரிகள் நடத்திய யு2 இசைக்குழுவின் 360 டிகிரி சுற்றுப்பயணத்தில் சுமார் 50 மீட்டர் உயர இரும்பு அமைப்பு மூன்று இருந்தது. ஒன்றில் கச்சேரி, இன்னொன்று அடுத்த நகரத்தில் எழும்பிக்கொண்டிருக்கும், மூன்றாவதைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். முதல் முறை கிளம்பும் பாடகிக்கு இதெல்லாம் கட்டாது. அவர் ஒலி, ஒளிக் கருவிகளை அந்தந்தக் கண்டத்திலேயே வாடகைக்கு எடுத்துக்கொண்டு, உடைகள், இசைக் கருவிகள், கட்டுப்பாட்டுப் பலகைகளை மட்டும் கூட எடுத்துப்போவார்.

## எல்லை, விசா, வரி

1. கார்னே. கருவிகளைத் தற்காலிகமாகத்தான் கொண்டுவருகிறோம், விற்க இல்லை என்பதற்கான சுங்க ஆவணம். 1961 ஒப்பந்தம் ஒன்றின்கீழ் வந்தது, அதிகபட்சம் ஒரு வருடம் செல்லும். ஒவ்வொரு கிட்டாரும் எண், எடை, மதிப்புடன் பட்டியலில் இருக்க வேண்டும். உள்ளே போனது வெளியே வராவிட்டால் சுங்க வரி கட்ட வேண்டும்.
2. விசா. பாடகிக்கு மட்டும் இல்லை, டிரம்ஸ் வாசிப்பவர் முதல் ஒலிப்பதிவாளர் வரை. அமெரிக்காவில் கலைக் குழுக்களுக்கான பி (P) வகை விசா விண்ணப்பம் 460 டாலராக இருந்தது, 2024 ஏப்ரலில் பொதுவான கட்டணம் 1,000 டாலரைத் தாண்டியது. ஒரு விண்ணப்பத்தில் 25 பேர்தான் என்ற வரம்பும் சேர்ந்தது. சின்னக் குழுக்களுக்கு இது பெரிய அடி.
3. வரி. கலைஞர்களுக்கு ஒரு தனி விதி உண்டு. வசிக்கும் நாடு எதுவாக இருந்தாலும், மேடை ஏறிய நாடு வரி பிடித்துக்கொள்ளலாம். பல இருநாட்டு வரி ஒப்பந்தங்களில் இது 17ஆம் பிரிவாக இருக்கிறது. அமெரிக்காவில் முன்னேற்பாடு எதுவும் செய்யாவிட்டால் மொத்தத் தொகையில் 30 சதவீதமும், பிரிட்டனில் 20 சதவீதமும் முதலிலேயே பிடிக்கப்படும். செலவைக் கழிப்பதற்கு முன் பிடிப்பதுதான் பிரச்சினை. பின்னால் திரும்ப வரலாம், ஆனால் இந்த வாரம் லாரிக்கு வாடகை கொடுக்க அது உதவாது.

## டிக்கெட் விலை

அறிவிப்பில் போடும் விலைக்கும் கடைசியில் கட்டும் விலைக்கும் நடுவே மூன்று விஷயங்கள் நுழைகின்றன.

முதலாவது சேவைக் கட்டணம். 2023இல் த கியூர் என்ற ராக் இசைக்குழு 20 டாலருக்கு டிக்கெட் வைத்தது, சில இடங்களில் கட்டணங்கள் சேர்ந்து டிக்கெட் விலையையே தாண்டின. அந்தக் குழுவின் ராபர்ட் ஸ்மித் வெளிப்படையாகச் சண்டை போட்ட பிறகு டிக்கெட்மாஸ்டர் ஒரு பகுதியைத் திருப்பித் தந்தது. 2025 மே முதல் அமெரிக்காவில் எல்லாக் கட்டணமும் சேர்ந்த முழு விலையை ஆரம்பத்திலேயே காட்ட வேண்டும் என்பது விதி.

இரண்டாவது, தேவைக்கு ஏற்ப ஏறும் விலை. 2024இல் பிரிட்டனின் ஒயேசிஸ் இசைக்குழுவின் டிக்கெட் விற்பனையில் சுமார் 150 பவுண்டுக்கு அறிவித்த நின்று பார்க்கும் டிக்கெட், வரிசையில் மணிக்கணக்கில் நின்றவர்களுக்கு 350 பவுண்டுக்கு மேல் காட்டியது. இந்த முறையை வைக்கலாமா வேண்டாமா என்பதில் கலைஞர் தரப்புக்கும் சொல் உண்டு, இங்கே கோபப்படுவது நியாயம்தான். மாற்று வழியும் இருக்கிறது. ஒலிவியா ரோட்ரிகோ 2024 அக்டோபரில் பிலிப்பைன்ஸில் பாடியபோது எல்லா டிக்கெட்டையும் 1,500 பெசோ என்ற ஒரே விலையில் வைத்தார்.

மூன்றாவது, பொது விற்பனைக்கே வராத இருக்கைகள். பிரபலமான கச்சேரிகளில் சராசரியாக 46 சதவீத டிக்கெட்டுகள்தான் பொது மக்களுக்கு வந்தன என்று நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரலின் 2016 அறிக்கை காட்டியது. மற்றவை முன்விற்பனைக்கும், விளம்பரதாரர்களுக்கும், கலைஞர், அரங்கத் தரப்புக்கும். இதில் ரசிகர்களுக்குப் பயன்படும் ஒரு விவரம்: மேடை மறைக்கும் என்று ஒதுக்கி வைத்த இருக்கைகளைக் கச்சேரிக்குச் சில நாள் முன்பு, மேடை அளவு உறுதியானதும், உண்மையான விலைக்கே விடுவது உண்டு. அந்த நேரத்தில் பார்ப்பது மறுவிற்பனைக்காரரிடம் பல மடங்கு கொடுப்பதைவிட மேல். அயர்லாந்தில் 2021 முதல் பெரிய நிகழ்ச்சிகளின் டிக்கெட்டை அச்சிட்ட விலைக்கு மேல் மறுவிற்பனை செய்வதே சட்டப்படி குற்றம்.

## குரலுக்கு மாற்று கிடையாது

லாரி பழுதானால் இன்னொரு லாரி வரும். கிட்டார் கலைஞர் படுத்துவிட்டால் மாற்று ஆள் கிடைப்பார். பாடகியின் தொண்டை அப்படி இல்லை. குரல் நாண்கள் ஒரு நொடியில் நூற்றுக்கணக்கான முறை மோதுபவை. விமானத்தின் வறண்ட காற்று, பஸ்ஸில் அரைத் தூக்கம், தினம் மாறும் நேரம், இத்தனைக்கும் நடுவே இரண்டு மணி நேரம் முழுச் சத்தத்தில் பாட வேண்டும். வீக்கமும் இரத்தக் கசிவும் வருவதில் ஆச்சரியம் இல்லை. அடெல் 2011இல் குரல் நாணில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார், 2017இல் வெம்ப்ளியில் கடைசி இரண்டு இரவுகளை ரத்து செய்தார். நல்ல திட்டத்தில் இரண்டு இரவு பாடினால் ஒரு நாள் ஓய்வு இருக்கும். மேலே போட்ட கணக்கு ஓய்வைக் குறைக்கச் சொல்லும், தொண்டை கூட்டச் சொல்லும். தேதிப் பட்டியலில் தொடர்ந்து நான்கு இரவு நான்கு நகரம் என்று கண்டால், அந்த இழுபறியில் கணக்கு ஜெயித்திருக்கிறது என்று பொருள்.

ரத்தானால் காப்பீடு உண்டா? நோய், விபத்து, புயல் போன்றவற்றுக்குக் கிடைக்கும். டிக்கெட் விற்கவில்லை என்பதற்குக் கிடைக்காது. பில்லி ஐலிஷ் 2020 மார்ச்சில் தன் அரீனா சுற்றுப்பயணத்தை மூன்று கச்சேரிகளோடு நிறுத்த நேர்ந்தது, பிறகு மொத்தமாகவே ரத்தானது. அந்த ஆண்டுக்குப் பின் பெரும்பாலான காப்பீடுகளில் தொற்றுநோயை விலக்கிவிட்டார்கள்.

ரசிகர்கள் கவனிக்க வேண்டிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது. ரத்து என்று அறிவித்தால் பணம் தானாகத் திரும்பும். ஒத்திவைப்பு என்று அறிவித்தால் டிக்கெட் புதிய தேதிக்குச் செல்லும், பணம் வேண்டும் என்றால் பல இடங்களில் குறிப்பிட்ட நாள்களுக்குள் நாமாகக் கேட்க வேண்டும். புரமோட்டர்கள் ஒத்திவைப்பையே விரும்புவதற்கு இது ஒரு காரணம், விற்ற பணம் அவர்கள் பக்கமே இருக்கும். எனவே அறிவிப்பு வந்ததும் டிக்கெட் வாங்கிய நிறுவனத்தின் மின்னஞ்சலைத் திறந்து, எந்தச் சொல்லைப் போட்டிருக்கிறார்கள், கடைசித் தேதி என்ன என்று பார்த்துவிட வேண்டும். விமான டிக்கெட்டும் ஹோட்டலும் இதில் சேராது, அவற்றை ரத்து செய்யக்கூடிய வகையில் எடுத்திருந்தால்தான் தப்பிக்கலாம்.